‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’: பெரியவர்கள் ரசிப்பது எப்படி?

பிலிப்பா பியர்ஸ் எழுதிய ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’ 1958இல் வெளிவந்த ஆங்கிலச் சிறுவர் நாவல். அவ்வாண்டுக்கான கார்னகி பதக்கத்தைப் பெற்றது. பதக்கத்தின் 70ஆம் ஆண்டையொட்டி, அதுவரை பரிசு பெற்ற நூல்களுக்கிடையே 2007இல் நடந்த வாக்கெடுப்பில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. சிறுவர்கள் இதை டாம் என்னும் பையனின் கதையாகப் படிப்பார்கள். வயது வந்த வாசகருக்கு இதில் ஒரு மூதாட்டியின் கதையும் காத்திருக்கிறது.

உடன்பிறந்த பீட்டருக்குத் தட்டம்மை வந்ததால், டாம் கோடை விடுமுறையில் சித்தி வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். பழைய மாளிகை ஒன்றைப் பிரித்து வாடகைக்கு விட்ட குடியிருப்பு அது. விளையாட இடம் கிடையாது. ஓர் இரவு கூடத்துக் கடிகாரம் பதின்மூன்று முறை அடிக்கிறது. டாம் பின்கதவைத் திறக்கிறான். பகலில் குப்பைத்தொட்டிகள் நிற்கும் இடத்தில் பெரிய தோட்டம் விரிந்திருக்கிறது. அங்கே, விக்டோரியா ராணி காலத்துச் சிறுமியான ஹாட்டியோடு அவனுக்கு நட்பு உண்டாகிறது.

இந்நாவலில் முதலில் கவனிக்க வேண்டியது காலம் நகரும் முறை. டாமுக்கு ஓர் இரவு கழிந்தால், தோட்டத்தில் மாதங்களோ ஆண்டுகளோ கழிந்திருக்கும். சில நேரம் காலம் பின்னோக்கியும் போகிறது: மின்னல் தாக்கி விழுந்த ஃபிர் மரம் அடுத்த முறை நிமிர்ந்து நிற்கிறது. இது ஆசிரியரின் கவனப்பிழை அல்ல. தோட்டம் எதனால் ஆனது என்பதற்கான துப்பு அது. எந்த இரவில் ஹாட்டிக்கு என்ன வயது என்று குறித்துக்கொண்டே படித்தால், கதை எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியவரும்.

அடுத்தது, ஸ்கேட்டுகள் வரும் பகுதி. ஹாட்டி தன் ஸ்கேட்டுகளைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். டாம் தன் காலத்தில் அவற்றை அங்கிருந்து எடுக்கிறான். ஒரே ஜோடி ஸ்கேட்டுகளை அணிந்து இருவரும் உறைந்த ஆற்றின் மேல் அருகருகே சறுக்கி ஈலி தேவாலயம் வரை போகிறார்கள். சிறுவர்கள் இங்கே புதிரின் சாமர்த்தியத்தை ரசிப்பார்கள். பெரியவர்களின் கண்ணில் படுவது வேறு: ஹாட்டி வளர வளர அவள் பார்வையில் டாம் மங்கிக்கொண்டே போகிறான். இளைஞன் பார்ட்டியின் பேச்சில் அவள் மனம் லயிக்கும்போது டாம் கிட்டத்தட்ட மறைந்தே விடுகிறான். வளர்வதில் உள்ள இழப்பைப் பியர்ஸ் ஒரு விளக்கமும் சொல்லாமல், நிகழ்ச்சியாகவே காட்டிவிடுகிறார்.

மூன்றாவது, மாடியில் தனியாக வசிக்கும் வீட்டுக்காரி திருமதி பார்த்தலமியூ. முதல் வாசிப்பில் அவர் கண்ணில் படுவதே அரிது. அவர்தான் ஹாட்டி என்பதும், டாம் நுழைந்தது அவருடைய கனவுகளுக்குள்தான் என்பதும் கடைசியில் தெரிகின்றன. மகன்கள் இருவரும் முதல் உலகப்போரில் இறந்ததை அவர் ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார். சிறுவர்கள் தாண்டிப் போகும் இந்த இடத்தில் பெரியவர் நிற்க வேண்டும்; ஒரு முழு வாழ்க்கையின் துயரம் அந்த வரிகளுக்குள் இருக்கிறது. பிரியும் நேரத்தில் டாம் அந்த மூதாட்டியைக் கட்டித் தழுவும் காட்சியின் கனம் இதை உணர்ந்தவருக்கே முழுதாய்ப் புரியும்.

நாவலின் பின்னணியையும் அறிந்துகொள்வது நல்லது. கேம்பிரிட்ஜுக்கு அருகே கிரேட் ஷெல்ஃபர்டில், கேம் ஆற்றங்கரையில் இருந்த மாவு ஆலை வீட்டில் வளர்ந்தவர் பியர்ஸ். அந்த வீடும் தோட்டமுமே நாவலுக்கு மூலம். செடிகளும் மதிலும் பாதைகளும் அளந்து வைத்தாற்போல் துல்லியமாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்த வர்ணனைகளை வேகமாகத் தாண்டாமல் படிக்க வேண்டும். மாயம் நம்பும்படி அமைவது அவற்றால்தான்.

இந்நூலை இருமுறை படிப்பதே சிறந்த வழி. முதல் முறை டாமோடு சேர்ந்து, முடிவை ஊகிக்க முயலாமல் படிக்கலாம். இரண்டாம் முறை, ஒவ்வொரு இரவும் மாடியில் ஒரு மூதாட்டி எதைக் கனவு கண்டுகொண்டிருக்கிறார் என்ற கேள்வியோடு படிக்க வேண்டும். அப்போது டாமின் சாகசங்கள் ஒவ்வொன்றும் அவருடைய நினைவாகவும் விளங்கும்.