இருபது மில்லிமீட்டருக்குள்

மூளையில் தெரியும் ஒற்றைச் சிறு கட்டியை அறுத்தெடுப்பதா, விட்டுவைத்துப் பார்ப்பதா என்ற கேள்விக்கு ஒரு தெளிவான விடை தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது. 1980களில் சி.டி. ஸ்கேன் நம் நகரங்களுக்குப் பரவியபோது, வலிப்போடு வந்த இளம் வயதினர் பலரின் மூளையில் இத்தகைய கட்டி தென்பட்டது. காசநோய் மலிந்த நாடு. மூளைக் கட்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை காசக்கட்டி என்று பழைய அறுவை மருத்துவர்கள் பதிந்திருந்தார்கள். ஆகவே இதுவும் காசம்தான் என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு மண்டை ஓட்டையே திறந்தார்கள். 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவைத் துறையில், மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் இவ்வகைக் கட்டிகளின் திசுவை ஆராய்ந்தபோது வேறொன்று வெளிப்பட்டது. பலவற்றில் இருந்தது காசம் அல்ல. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்குள் மடியும்போது அதைச் சுற்றி உடல் எழுப்பும் அழற்சி. பெரும்பாலும் அது தானாகவே கரைந்துவிடும்.

இதிலிருந்து அவர்கள் சில அளவுகோல்களை வகுத்தார்கள். நோய் வலிப்பாகத் தொடங்கியிருக்க வேண்டும். மூளை அழுத்தம் நீடித்து உயர்ந்திருக்கக் கூடாது. கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடக் கூடாது. உடலில் வேறெங்கும் தீவிர நோய் இருக்கக் கூடாது. ஸ்கேனில் கட்டி ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்கு மிகாமல், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருக்க வேண்டும். 1997இல் 401 நோயாளிகளிடம் இவற்றைச் சோதித்து வெளியிட்டபோது, நோயை இனங்காணும் திறன் 99.5 விழுக்காடு, நோயல்லாததை விலக்கும் திறன் 98.9 விழுக்காடு. ஓர் அறுவைத் துறை, எங்கே கத்தி வேண்டாம் என்பதை அறுவையின் மூலமே நிறுவியதை நான் அதன் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். விலை உயர்ந்த கருவி எதையும் அது கேட்கவில்லை. மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒரு சி.டி. படத்தையும் பொறுமையாகக் கேட்டறிந்த நோய் வரலாற்றையும் வைத்து அதைக் கையாள முடியும்.

எதிர்வாதங்கள் வலுவானவை. கட்டியின் திசுவைப் பார்க்காமல் அது புற்று இல்லை என்று எப்படிச் சொல்வது? ஸ்டீரியோடாக்டிக் முறையில் சிறு துளையிட்டு ஊசியால் திசு எடுக்கலாமே? எடுக்கலாம். ஆனால் ஊசி போகும் வழியில் இரத்தக் கசிவு நேரலாம். பேச்சையும் கையசைவையும் ஆளும் பகுதிக்கு அருகே அது வாழ்நாள் ஊனமாகலாம். சில மில்லிமீட்டர் கட்டியில் ஊசி குறி தவறி, கிடைத்த திசு எதையும் சொல்லாமலும் போகலாம். தானே கரையக்கூடிய ஒன்றுக்காக எல்லோரையும் இந்த ஆபத்துக்கு உட்படுத்துவது நியாயமல்ல. எம்.ஆர்.ஐ. புழுவின் தலைப்பகுதியையே சில சமயம் காட்டிவிடுகிறது. ஆயினும் எல்லாப் படமும் அவ்வளவு தெளிவாக அமைவதில்லை. பிழைபடும் அந்தச் சிலரைக் காப்பது காலம்தான். சில மாதம் கழித்து எடுக்கும் இரண்டாவது ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தால் முதல் முடிவு உறுதிப்படும். வளர்ந்திருந்தால் அப்போது அறுவை. இடையில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை: மூளையின் நிணநீர்ப் புற்றும் அந்த மருந்துக்குத் தற்காலிகமாகச் சுருங்கிக் காட்டும்.

இந்த முறையின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. நோய் இன்னதென்ற முடிவு முதல் நாளில் பாதிதான் கிடைக்கிறது. மறுபாதி நோயாளி திரும்பி வந்தால்தான். மறு ஸ்கேனுக்கு ஆளை வரவழைக்கும் ஏற்பாடுள்ள மருத்துவமனையில் உருவான அளவுகோல், காவிரிப் படுகையின் வேலை நாட்காட்டிக்குள் வந்து விழும்போது தடுமாறுகிறது. ஆடியில் முதல் வலிப்பு கண்ட விவசாயக் கூலிப் பெண்ணுக்கு மறு ஸ்கேன் ஐப்பசி வாக்கில் வரும். அது அடைமழைக் காலம். சம்பா வயலில் களையெடுப்பு நடக்கும், ஒரு நாள் தஞ்சாவூருக்குப் போய்வந்தால் கூலி போய்விடும். அதற்குள் வலிப்பும் நின்றிருக்கும். மாத்திரை தீர்ந்தால் தீர்ந்ததுதான். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதல் ஸ்கேனோடு உறவை முறித்துக்கொள்ளும் மருத்துவமும் அதே அளவு பொறுப்பேற்க வேண்டும். வாய்க்காலிலும் நடவு வயலிலும் நிற்பவருக்கு வலிப்பு வந்தால், கணுக்கால் தண்ணீரே உயிரைக் குடிக்கப் போதும்.

இன்னொரு பிழை, அளவுகோலை வசதிக்கேற்ப நீட்டுவது. காலையில் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, 20 மில்லிமீட்டரைத் தாண்டிய ஒழுங்கற்ற கட்டி என்று வருபவருக்கும் புழு மாத்திரை எழுதி அனுப்பினால், அது அந்த ஆய்வைப் பின்பற்றுவது ஆகாது. அங்கே திசு வேண்டும். பெரிய காசக்கட்டி அழுத்தம் தந்தாலும், மூளை அறைக்குள் சிக்கிய நீர்க்கட்டி தண்டுவட நீரின் வழியை அடைத்தாலும், அறுவையைத் தள்ளிப்போடுவது கொலைக்குச் சமம். 2019இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் பன்னோக்கு உயர்சிகிச்சைக் கட்டடம் கிடைத்தது. இத்தகைய நோயாளியை மாவட்டத்துக்குள்ளேயே உரிய நேரத்தில் மேசைக்குக் கொண்டுவருவதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

கட்டியின் தோற்றுவாயும் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. சரியாக வேகாத பன்றி இறைச்சி தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குள் புழு போவதோ, அந்தக் குடலிலிருந்து வெளியேறும் முட்டைகள் மலம் கலந்த நீர், கழுவாத கீரை, கழுவாத கை வழியாக வாய்க்குள் போவதால். ஆகவே சைவம் மட்டுமே உண்பவருக்கும் இது வரும். நோயாளியின் உணவைப் பழித்துப் பேச யாருக்கும் இடமில்லை. வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடையே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, தொடர் வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று கண்டது. அவை தடுத்திருக்கக் கூடிய வலிப்புகள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் 2021 முதல் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒற்றைக் கட்டியோடு வீடு திரும்பும் ஒவ்வொருவரின் வலிப்பு மாத்திரையும் மறு ஸ்கேன் தேதியும் அதே ஊழியரின் பட்டியலில் ஏற வேண்டும். தேதி தவறினால் அவர் போய் அழைத்துவர வேண்டும். டெல்டா மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகள் இதைத் தொடங்கி வைக்க வேண்டும்.