பால் வற்றும் மாதத்தில் தேன்: நிவித்திகலவுக்குத் தேன்பெட்டி பொருந்துமா?

இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலப் பகுதி இறப்பர் தோட்டங்களில் பெப்ரவரி கைகடிக்கும் மாதம். தை கடைசியில் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். புதுத்தளிர் விட்டு அது முற்றும்வரை பால் மட்டாகத்தான் வரும்; பல இடங்களில் பால் வெட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். அதே வாரங்களில், அதே மரத்தின் தளிரில், இன்னொரு வருமானம் சுரந்துகொண்டிருக்கிறது. தோட்டக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்ப்பைப் பரிந்துரைப்பவர்கள் முதலில் சொல்லவேண்டிய நியாயம் இது. ஆனால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது வேறு: செலவில்லாத தொழில், மெனக்கெடத் தேவையில்லை, மகரந்தச் சேர்க்கையால் தோட்டமே செழிக்கும். ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தால்தான் தேன்பெட்டி இந்த மண்ணுக்கு ஏற்றதா என்பது தெரியும்.

மகரந்தச் சேர்க்கை வாதம் இங்கே நிற்காது. தேயிலையை விற்பது கொழுந்துக்காக, இறப்பரை வளர்ப்பது பாலுக்காக. இரண்டிலும் காய் பிடித்து ஆகவேண்டியது எதுவுமில்லை. வீட்டுத்தோட்டத்துப் பூசணிக்கும் பாகலுக்கும் தேனீயால் நன்மை உண்டு; தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் அது ஏறாது. ஓயாமல் கொழுந்தெடுக்கும் தேயிலை பூப்பதே அரிது என்பதால், தேயிலை மலை தேனீக்கு ஏறக்குறைய வெறும் நிலம்.

இறப்பர் அப்படியல்ல. அதன் தேன் பூவிலிருந்து வருவதைவிட இலையிலிருந்தே அதிகம் வருகிறது. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் புடைத்திருக்கும். தளிர் செம்பு நிறம் மாறிப் பச்சையாகும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் கசிந்து துளியாக நிற்கும். அதை எடுக்கத் தேனீ பூவைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெய்தாலும் ஜனவரியும் பெப்ரவரியும் ஓரளவு வெயில் கண்ட மாதங்கள். திறந்து நிற்கும் அந்தத் துளியைக் கழுவிப் போகும் மழை அப்போது குறைவு. மரம் தளிர்ப்பதும் வானம் வெளிப்பதும் ஒன்றாக அமைவது இந்த ஊருக்குக் கிடைத்த வாய்ப்பு.

இந்த இலைத்தேனை முழுமையாகப் பயன்படுத்திக் காட்டியவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தார். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய வை.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையத்தில் அங்குள்ள மார்த்தாண்டத்து மக்கள் பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கக் கற்றார்கள். இன்றும் இறப்பர் தளிர்க்கும் மாதங்கள்தான் அங்கே தேன் அறுவடைக் காலம். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். தேனீப் புழுக்களைத் தாக்கி 1991இல் பரவத் தொடங்கிய தாய்லாந்து பைப்புழு நோய் தென்னிந்தியக் கூட்டங்களில் பெரும்பங்கை அழித்தது. தப்பிய கூட்டங்களைப் பெருக்கி வளர்ப்பாளர்கள் மெல்லத்தான் எழுந்தார்கள். சொந்தக் காணியும், தலைமுறையாக வந்த கைப்பழக்கமும், பெட்டியைத் தோட்டம் தோட்டமாக மாற்றிவைக்கும் ஏற்பாடும் அவர்களிடம் இருந்தன. இவை மூன்றும் நிவித்திகலவில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

செலவும் மெனக்கேடும் இல்லாத தொழில் என்ற வாதம் மே மாதத்தில் பொய்த்துவிடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தேனீ வெளியே போக முடியாத நாட்கள் கூடும். இறப்பர் இலை முற்றிவிட்டதால் மலையில் எடுக்கவும் ஒன்றுமில்லை. இங்கே பெட்டியில் வாழ்வது நமது நாட்டுத் தேனீ. ஐரோப்பியத் தேனீயைப் போல நெடுங்காலத்துக்குச் சேமித்துவைக்கும் இனம் அல்ல அது. பசி வந்தால் அடையை விட்டுவிட்டு முழுக்கூட்டமும் பறந்துவிடும். போவதற்கு முன் அறிகுறி தெரியும். இராணி முட்டையிடுவது குறையும், மகரந்தத்தோடு திரும்பும் தேனீக்கள் அருகும், கூட்டம் மெலிந்து வெறிச்சோடிய அடையில் மெழுகுப்பூச்சியின் வலை படரும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து சட்டத்தைத் தூக்கிப் பார்க்கிறவர் இதைக் கண்டு சீனிப்பாகு வைப்பார். தேன் எடுக்கும்போது மட்டும் பெட்டியைத் திறக்கிறவருக்குக் காலிப்பெட்டிதான் மிஞ்சும்.

சீனிப்பாகு மட்டும் போதாது. புழு வளர மகரந்தம் வேண்டும். தென்னை, பாக்கு, வரம்போரத்துத் தொட்டாச்சிணுங்கி ஆகியவை அதைக் கொடுக்கும். களைகொல்லி அடித்து வரம்பைச் சுட்டுவிடும் தோட்டத்தில் தேனீயின் உணவும் கூடவே கருகுகிறது. 2019 முதல் இலங்கையில் பரவிய இறப்பர் இலையுதிர் நோயையும் கணக்கில் எடுக்க வேண்டும். அகாலத்தில் இலை விழும் மரத்தை நம்பித் தேன் பருவத்தைக் கணிக்க முடியாது.

ஐரோப்பியத் தேனீயை இறக்குமதி செய்தால் தேன் கூடும் என்போரும் உண்டு. இதை ஏற்கக்கூடாது. நாட்டுத் தேனீயோடு பழகிப்போன வரோவா உண்ணி அந்த வெளியினத்துக்கு எமன். மருந்தில்லாமல் அந்த இனத்தை வளர்ப்பது கடினம். இலங்கைத் தேனீ வளர்ப்பு இந்தப் பருவமழைக்கும் இந்த இனத்துக்கும் ஏற்பவே அமையவேண்டும். இலங்கைத் தேனீ வளர்ப்பைப் பற்றி ஆர். டபிள்யூ. கே. புஞ்சிஹேவா 1994இல் எழுதிய நூலும் அந்த அடிப்படையிலேயே அமைந்தது.

தோட்டத்தில் குளவிப் பயம் நியாயமானது. மலையில் கொழுந்தெடுப்பவர்களைக் கூட்டமாகத் துரத்தி உயிரைப் பறித்தவை பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும் பெரிய மலைத்தேனீயும் குளவியும். பெட்டித் தேனீ சிறியது, சாந்தமானது. ஆனாலும் லயத்து வாசலில் பெட்டி வைக்கக்கூடாது. கொட்டினால் ஒவ்வாமை காட்டும் உடம்புகள் உண்டு.

பெரிய தடை இங்கேதான் வருகிறது. லயத்தில் வாழும் குடும்பத்துக்குப் பெட்டி வைக்கச் சொந்த இடமில்லை. மரம் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. காலையில் நாட்கூலிக்குப் பேர் போட்டு வேலைக்குப் போகிறவருக்கு, பெட்டி பார்க்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்துப் படம் எடுத்துப் போகும் திட்டங்கள் தோற்பது தொழிலாளியின் சோம்பலால் அல்ல. காணியும் நேரமும் பயிற்சியும் இல்லாதவரிடம் பெட்டியை மட்டும் கொடுப்பது உதவியாகாது.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டுக்கொரு பெட்டி என்ற வடிவில் தேனீ வளர்ப்பு நிவித்திகலவுக்கு ஏற்றதல்ல. டிவிசனுக்கு இருவரைப் பயிற்றுவித்து, அவர்கள் பெட்டி பார்க்கும் நேரத்துக்கும் பேர் போட்டு, இறப்பர் மலையில் இடமும் தேனில் பங்கும் எழுத்தில் உறுதிசெய்து, கூட்டுறவாக நடத்தினால் இது ஏற்ற தொழில். பயிற்சிக்குப் பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு உண்டு. மே மாதப் பசிக்கும் விடை உண்டு: தென்மேற்கு மழைக்காலத்தில் ஊவா மலைகள் வெயில் காண்கின்றன. அங்கே யூகலிப்டஸ் பூக்கிறது. பலாங்கொடை வீதியால் பெட்டிகளை அங்கே லொறியில் ஏற்றிப் போவது தனிக் குடும்பத்தால் ஆகாது, கூட்டுறவால் ஆகும். மூடிய அடையை மட்டும் எடுத்தால் ஈரம் குறைந்து தேன் எளிதில் புளிக்காது. இறப்பர்த் தேன் சீக்கிரம் உறைவது கலப்படத்தால் அல்ல என்பதை வாங்குவோருக்கு விளக்கவும் கூட்டுறவின் ஒரு பொது வணிகப் பெயர் உதவும்.

பால் வற்றும் மாதத்தில் கையில் காசு வர இவ்வளவு பொருத்தமான வேறு வழி இந்த மலைகளில் அரிது. அந்த வழியைத் திறப்பதற்குத் தோட்ட நிர்வாகமும் திணைக்களமும் இடத்தையும் நேரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் பெட்டி விநியோகிப்பதை நிறுத்தவேண்டும்.