சந்தைக்கு வந்த சித்திரம்

கலைக்கு விலை உண்டா? உண்டு என்கிறது தில்லி! 2008இல் ‘இந்தியா ஆர்ட் சம்மிட்’ எனத் தோன்றி, ‘இந்தியா ஆர்ட் ஃபேர்’ என வளர்ந்த கலைச்சந்தை, புகழ் பூத்த தெற்காசியக் கலைஞரையும் புதிதாய் முளைத்தோரையும் ஓரிடத்தே கூட்டுகிறது. வரவேற்கிறோம்! தூரிகை பிடித்தவன் பட்டினி கிடப்பதே தவம் என்ற பழங்கதையை அது உடைக்கிறது. உழைப்புக்கு ஊதியம், நம் கொள்கையுமன்றோ?

ஆனால், கேட்கிறோம்: வாங்க வல்லவன் மட்டுந்தானா சுவைக்க வல்லவன்? விலைச்சீட்டா ஓவியத்தின் உரைகல்? முன்னாளில் கலை கோயிலுக்குள் இருந்தது. வாயிலில் சாதி நின்றது. இந்நாளில் அரங்குக்குள் இருக்கிறது. வாயிலில் காசு நிற்கிறது. காவலன் மாறினான், கதவு திறந்ததா?

வேறு வழி கண்டோரும் உண்டு. 2012 டிசம்பர் 12இல், சேரர் துறைமுகமாம் முசிறியின் பெயர் தாங்கி, கொச்சியில் ஈராண்டுக் கலைவிழா தொடங்கிற்று, விற்பதற்கன்று, காண்பதற்கு! சென்னை மட்டும் வறியதா? 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளி இங்குண்டு. அதன் முதல்வராயிருந்த ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் கடற்கரையில் கட்டணம் கேளாமல் நிற்கிறது. 1966இல் பணிக்கர் தலைமையில் கலைஞர்கள், புரவலருக்குக் காத்திராமல், கைத்தொழிலால் பொருளீட்டிச் சோழமண்டலம் கண்டனர்.

வழி தெரிகிறது, மனம்தான் வேண்டும். மேற்கு மாம்பலத்தார் நாளும் நடக்கும் இடம், மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறந்த நடைமேம்பாலம். அங்கே நம் இளம் ஓவியர் படைப்புகள் ஏன் தொங்கக்கூடாது? அருகே தமிழில் விளக்கம் ஏன் எழுதக்கூடாது? சந்தை வளரட்டும், சித்திரம் அங்கேயே நின்றுவிடலாகாது. வீதிக்கு வரட்டும்!