திம்காத்: படைவீரர்கள் கோடு போட்டுக் கட்டிய ஊர்

ரோமானியர் கட்டிய ஊர்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், யோசிக்கவே வேண்டாம், அல்ஜீரியாவிலுள்ள திம்காத்துக்குக் கிளம்புங்கள்! பாத்னா நகரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஓரெஸ் மலையடிவாரத்தில் ஒரு முழு ஊரே கூரையில்லாமல் விரிந்து கிடக்கிறது.

கி.பி. 100 வாக்கில் பேரரசர் டிராஜன் ஆணையிட, மூன்றாம் அகஸ்டா படையணி வெறுந்தரையில் எழுப்பிய ஊர் இது. பணி முடித்த வீரர்களுக்கு இங்கே நிலம் கிடைத்தது. மலைப்பக்கம் கண் வைக்கப் பேரரசுக்கும் ஆள் கிடைத்தது. டிராஜன் தன் அக்கா மார்சியானாவின் பெயரையும் ஊர்ப்பெயரில் சேர்த்துவிட்டார். பக்கத்துக்குச் சுமார் 350 மீட்டர் உள்ள சதுரம். அதற்குள் கட்டம் கட்டமாகத் தெருக்கள். குறுக்குத்தெருவில் எங்கே நின்று பார்த்தாலும் பார்வை தங்குதடையில்லாமல் மறுகோடி வரை ஓடுகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது!

ஆனால் என்னை அடியோடு மயக்கியது சதுரத்துக்கு வெளியே இருக்கும் ஊர்தான். மக்கள் பெருகப் பெருக, படைவீரர்கள் போட்ட கோட்டைத் தாண்டி ஊர் வழிந்திருக்கிறது. அங்கே தெருக்கள் இஷ்டத்துக்கு வளைகின்றன. ஜூபிட்டருக்கான பெரிய கோயிலே வெளியேதான். 12 மீட்டர் உயர டிராஜன் வளைவின் அடியில் வண்டிச்சக்கரம் தேய்த்த பள்ளங்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைக் கடந்தால் செர்டியஸ் என்ற செல்வந்தர் கட்டித்தந்த சந்தை. அரைவட்டமாகக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலையும் மறித்து, இடுப்புயரத்தில் ஒரே கல்பலகை. அதுதான் கல்லா மேசை. கடைக்காரர் உள்ளே போக வேண்டுமானால் அதன் அடியில் குனிந்து நுழைய வேண்டும், தினமும்! அந்தக் கல் முன்னால் நான் நின்ற நேரத்தில் மற்றவர்கள் ஊரையே சுற்றி முடித்திருந்தார்கள்.

நூலகத்தைத் தவறவிடாதீர்கள். ரொகாட்டியானஸ் என்பவர் 4,00,000 செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்து எழுப்பியது. சுருள்கள் வைத்த மாடங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. பாலைவனத்துக்குப் பக்கத்தில், எல்லைப்புறத்து ஊரில், பொதுமக்களுக்கு நூலகம்! மன்றத்துத் தளக்கல்லில் யாரோ ஆட்டக்கட்டம் செதுக்கி, வேட்டையும் குளியலும் ஆட்டமும் சிரிப்பும்தான் வாழ்க்கை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 3,500 பேர் அமரும் அரங்கின் மேல்படி வரை ஏறுங்கள். கோடு போட்ட ஊரும் கோடு தாண்டிய ஊரும் அங்கிருந்து ஒருசேரத் தெரியும்.