ஆட்டத்தின் நினைவு யார் கையில்?

வீடியோ விளையாட்டை இன்று நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து நாளை தொடர்வது நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. 1980-களில் இது எளிதாக இருக்கவில்லை. மின்சாரம் நின்றதும் பொறியின் நினைவகம் வெறுமையாகிவிடும் அல்லவா? ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986-இல் 'மெட்ராய்ட்', 'செல்டா' ஆகிய இரு ஆட்டங்களைக் காந்தத் தட்டுகளில் வெளியிட்டது. ஆட்ட நிலை அத்தட்டிலேயே பதிவாயிற்று. 1987-இல் அமெரிக்காவுக்கு இவை கார்ட்ரிட்ஜ் வடிவில் சென்றபோது, இரண்டுக்கும் வெவ்வேறு வழி தேடவேண்டியதாயிற்று. எந்த வழி சிறந்தது?

மெட்ராய்ட், ஆட்டக்காரரிடம் 24 குறிகள் கொண்ட சங்கேதச் சொல் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் 64 குறிகளுள் ஒன்று வரலாம். 64 என்பது இரண்டின் ஆறாம் அடுக்கு. ஆகவே ஒரு குறி 6 பிட்டுகளைத் தாங்கும். 24 குறிகள் 144 பிட்டுகளை, அதாவது 18 பைட்டுகளைத் தாங்கும். ஒரு கதவு திறந்துவிட்டதெனில் 1, இல்லையெனில் 0. இப்படியே முழு ஆட்டமும் அதில் அடங்குகிறது. ஒரு பைட்டு சரிபார்ப்புக்கு உரியது. அது மற்றவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து கிடைப்பது. குறி ஒன்றைத் தவறாக இட்டால் பெரும்பாலும் கூட்டல் ஒத்துவராது, சொல் ஏற்கப்படாது.

கணக்கு அழகானதே. ஆனால் பூஜ்யத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் ஒரே பட்டியலில் வைத்தது பெருங்குறை. எழுதியவர் சற்றே மாறிப் படித்தால் பல மணி நேர உழைப்பு வீணாகும்.

செல்டாவின் கார்ட்ரிட்ஜுக்குள் சிறு லித்தியம் மின்கலம் ஒன்று உண்டு. பொறியை நிறுத்திய பின்னும் அது நினைவகச் சில்லுக்கு மின்சாரம் அளித்துவரும். ஆட்டக்காரர் எதையும் எழுதவேண்டியதில்லை. வசதியில் இதுவே மேல். எனினும் மின்கலம் தீர்ந்தாலோ, அதைக் கழற்றினாலோ பதிவு முழுவதும் அழிந்துபோகும்.

இரண்டுமே எல்லாவற்றையும் காப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. செல்டாவில் சேர்த்த பணம் மீளும்; உயிர்ச்சக்தியோ மூன்று இதயங்களாகக் குறைந்துவிடும். எது 'முன்னேற்றம்', எது அன்று என்பதை ஆட்டத்தை அமைத்தவரே தீர்மானிக்கிறார்.

அன்றாட வசதிக்குச் செல்டா முந்துகிறது. நீடித்து நிலைப்பதில் மெட்ராய்டே வெல்லுகிறது. 1987-இல் நோட்டுப் புத்தகத்தில் சரியாக எழுதிய சொல், கார்ட்ரிட்ஜ் இயங்கும்வரை இன்றும் செல்லும். இன்றைய ஆட்டங்கள் பல, பதிவை நிறுவனத்தின் தொலைதூரக் கணினியில் வைக்கின்றன. அக்கணினி மூடப்பட்டால், மின்கலம் தீர்ந்த கதைதான். உழைப்பு ஆட்டக்காரருடையது, அதன் படி ஒன்றும் அவர் கையில் இருப்பதே முறை. ஒரு புதிய ஆட்டத்தை மதிப்பிடும்போது இதையும் கேட்டுப் பாருங்கள்.