பேசாத தந்தையும் ஓடிவந்த தந்தையும்
தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் பெற்றோர் அன்பு: ஒரு திறனாய்வு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்து செல்வோர் செவியில் ஒரு சொல் பல திசைகளிலிருந்தும் வந்து விழும். பாத்திமா அன்னை ஆலயத்தின் தமிழ்ப் பூசையிலும், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளின் தமிழ் வழிபாட்டிலும் இறைவனைத் ‘தந்தையே’ என்று விளிக்கின்றனர். சிறிது தூரம் சென்றால் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலில் ‘அப்பனே முருகா’ என்ற குரல் கேட்கும். செங்கற் சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகளால் வளர்ந்த இவ்வூரில் சமயங்கள் பல. இறைவனை அழைக்கும் உறவுமுறை மட்டும் ஒன்றே.

இறைவனைத் தாய் என்றும் தந்தை என்றும் அழைப்பது எளிது. அவ்வுவமை எவ்வளவு தொலைவு செல்லும் என்று ஆராய்வது அவ்வளவு எளிதன்று. பெற்றோர் அன்பு இறையன்பின் நிழல் என்று கிறித்தவ நூல்கள் கூறுகின்றன. இறையன்பு தகுதி நோக்காதது, கைம்மாறு வேண்டாதது என்றும் அவை கூறுகின்றன. அங்ஙனமாயின், பெற்றோர் அன்பும் தகுதி நோக்காததுதானா? தமிழ் இலக்கியம் இவ்வினாவிற்கு என்ன விடை தருகிறது? தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத் தக்க பொருள் இது.

அன்பும் அருளும்

இவ்வினாவை அளத்தற்கு ஏற்ற கோல் தமிழிலேயே உண்டு. திருவள்ளுவர் அன்புடைமையை ஓர் அதிகாரமாகவும் அருளுடைமையை வேறோர் அதிகாரமாகவும் வகுத்தார். முன்னது இல்லறவியலில் மக்கட்பேற்றை அடுத்து நிற்பது. பின்னது துறவறவியலில் நிற்பது. பரிமேலழகர் இவ்விரண்டன் வேறுபாட்டைத் தெளிவாக உரைத்தார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்வது அருள்.

இவ்வளவையால் நோக்கின், பெற்றோர் கொள்வது அன்பேயன்றி அருளன்று. ‘என் மகன்’ என்ற தொடர்பே அதன் வேர். தன் பிள்ளையை உச்சிமோந்து மகிழும் தாய் அண்டை வீட்டுப் பிள்ளையைக் கடிந்து துரத்துவதையும் உலகம் காண்கிறது. இறைவனுக்கு உரியதாகச் சொல்லப்படுவதோ அருள். தொடர்பில் பிறப்பதைக் காட்டித் தொடர்பைக் கடந்ததை எங்ஙனம் விளக்குவது? உவமையின் முதல் இடர்ப்பாடு இதுவே.

வள்ளுவரே இதற்கு ஒரு வழி காட்டிச் செல்கிறார். பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் அவர் அருளை அன்பு பெற்ற குழந்தையாக உருவகம் செய்தார். அன்பும் அருளும் ஒன்றல்ல. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும். வீட்டிற்குள் தோன்றிய அன்பு வாயிலைக் கடந்து வீதிக்கு வரும்போது அருளாகிறது என்பது அவர் கருத்து. கிறித்தவம் இதே உறவை மறுதலையாகக் காண்கிறது. அருளே முதல், அதிலிருந்து இறங்கி வந்த ஒரு துளியே பெற்றோர் அன்பு. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் தந்தைமை என்பதே இறைத் தந்தையிடமிருந்து பெயர் பெற்றது என்னும் கருத்தை வைக்கிறார். வள்ளுவர் கீழிருந்து மேல் ஏறுகிறார். பவுல் மேலிருந்து கீழ் இறங்குகிறார். ஏணி ஒன்றே.

புறநானூற்றுத் தாய்

சங்க இலக்கியம் காட்டும் பெற்றோர் அன்பு தகுதி நோக்காததா என்றால், புறத்திணைப் பாடல்கள் ‘அன்று’ என்றே விடை பகரும். பொன்முடியார் பாடிய 312ஆம் புறப்பாட்டு கடமைகளை வரிசைப்படுத்துகிறது. பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு, களிறு எறிந்து மீள்வது மகனுக்கு. அன்பு இங்கே கடமையின் ஒழுங்கிற்குள் அமைந்திருக்கிறது.

காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாட்டு இன்னும் கடுமையானது. போரில் மகன் புறங்காட்டினான் எனக் கேட்ட முதிய தாய், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளோடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டுகிறாள். சிதைந்து கிடந்த மகன் உடலைக் கண்டபோது, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாயின் மகிழ்ச்சியைக் கூறும் குறளும் இம்மரபைச் சார்ந்ததே.

இத்தாயின் அன்பைக் குறைத்து மதிப்பிடுதல் பிழை. அவள் அன்பு எரிமலை போன்றது. ஆயினும் அதற்கு ஒரு வாயிற்படி உண்டு. புறமுதுகிட்ட மகன் அப்படியைத் தாண்ட இயலாது. வீரயுகச் சமுதாயத்தின் தேவை அன்னையின் நெஞ்சிலும் புகுந்து நிற்பதை இப்பாட்டு காட்டுகிறது. இன்றும் தேர்வில் முதல் வகுப்புப் பெற்றால்தான் மகன் என்று கொள்ளும் வீடுகள் உள. களம் மாறியிருக்கிறது, வஞ்சினம் மாறவில்லை.

பின்னர் வந்த பக்தி இலக்கியம் இவ்வாயிற்படியைத் தகர்த்தது. மணிவாசகர் இறைவனைத் தாயினும் மேலாகப் பரிபவனாகக் கண்டார். குலசேகரர், சினந்து தள்ளிய தாயையே மீண்டும் நினைந்து அழும் குழந்தையின் நிலையில் தம்மை வைத்தார். பெரியாழ்வார் இறைவனையே மகவாக்கித் தாம் தாயானார். கிறித்தவப் புலவர் தமிழ் நாட்டிற்கு வந்தபோது நிலம் ஏற்கெனவே உழப்பட்டுக் கிடந்தது.

ஓடிவந்த தந்தை

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்து உவமைக் கதையைத் தமிழர் இரு பெயரால் வழங்குவர். சீர்திருத்த சபையார் ‘கெட்ட குமாரன்’ என்பர். கத்தோலிக்கர் ‘ஊதாரி மைந்தன்’ என்பர். இரு பெயரும் மகனையே சுட்டுகின்றன. கதையின் தலைவனோ தந்தை. பெயரிட்டோர் குற்றத்தை நோக்கினர். கதை சொன்னவர் அன்பை நோக்கினார்.

கதையின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பன்றி மேய்த்துப் பசியால் வாடிய மகன், தந்தையிடம் கூற வேண்டியதை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்கிறான். அவ்வுரையில் மூன்று கூறுகள் உள்ளன: தான் பாவம் செய்ததை ஒப்புக்கொள்ளல், மகன் எனப்படத் தகுதி இழந்ததைக் கூறல், கூலியாளாகவேனும் ஏற்றுக்கொள்ள வேண்டுதல். வீட்டிற்கு வந்தபின் அவன் முதலிரண்டையும் சொல்லி விடுகிறான். மூன்றாவது அவன் வாயிலிருந்து வரவேயில்லை. அதற்குள் தந்தை உயர்ந்த ஆடையும் மோதிரமும் மிதியடியும் கொண்டுவருமாறு பணியாளரை ஏவிவிடுகிறார்.

சொல்லப்படாத அந்த மூன்றாங்கூற்றில்தான் கதையின் உயிர் இருக்கிறது. ‘கூலியாள்’ என்பது தகுதி நோக்கிய உறவு: வேலை செய்தால் உணவு. மகன் அவ்வுறவைக் கோர வந்தான். தந்தை அதற்கு இடம் தரவில்லை. மேலும் அவர் மகன் பேசுவதற்கு முன்னரே, தொலைவில் கண்டவுடனே, ஓடிச் சென்று கட்டித் தழுவுகிறார். மன்னிப்புக் கேட்டபின் அணைத்தார் என்று வகுப்பில் கூறுவது கதையைத் திரித்துக் கூறுவதாகும். அணைப்பு முந்தியது, அறிக்கை பிந்தியது.

மூத்த மகனையும் மறத்தலாகாது. அவன் இத்தனை ஆண்டு உழைத்தும் ஓர் ஆட்டுக்குட்டியும் பெறவில்லை என்று கணக்குக் காட்டுகிறான். வீட்டிலிருந்தே கூலியாளாகிப் போனவன் அவன். அவனை அழைக்கவும் தந்தையே வெளியே வருகிறார். ஒரே நாளில் இருமுறை வாயிலைக் கடந்து வந்த தந்தை இவர்; ஒருமுறை தீயோனுக்காக, ஒருமுறை நல்லோனுக்காக. புறநானூற்றுத் தாய் மகனைத் தேடிச் சென்றது அவன் தகுதியைச் சோதிக்க. இத்தந்தை சென்றது தகுதி என்னும் பேச்சையே நிறுத்த.

பேசாத தந்தை

இறைவன் தந்தையாக வருவது ஒரு வகை. இறைவன் மகவாக வர, மனிதன் தந்தையாவது மற்றொரு வகை. இரண்டாவது வகைக்குத் தமிழில் அமைந்த பெருங்காப்பியம் தேம்பாவணி. 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்து, தமிழ் பயின்று முனிவரான பெஸ்கி அதனை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றினார். மூன்று காண்டம், 36 படலம், 3615 விருத்தங்களால் ஆனது அந்நூல். அதன் தலைவர் இயேசு அல்லர். அவரை வளர்த்த சூசையப்பர். சூசை என்னும் பெயரின் மூலமான யோசேப்பு எபிரேய மொழியில் ‘பெருகச் செய்வான்’ என்னும் பொருளுடையது. அப்பொருள் தோன்ற முனிவர் ‘வளன்’ என்று தமிழ்ப்பெயர் சூட்டினார்.

நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசை ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் கனவு காண்கிறார், எழுகிறார், குழந்தையை எடுத்துக்கொண்டு எகிப்திற்குச் செல்கிறார், அவ்வளவே. வாய் திறவாத ஒருவரைத் தலைவராக்கி மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் யாத்தது வியப்புக்குரியது. முனிவர் அவரைத் தேர்ந்ததன் பொருத்தம் மேலே கூறிய அளவைகொண்டு பார்த்தால் விளங்கும். சூசை குருதியால் தந்தையல்லர். பிள்ளை தம் பிள்ளையன்று என்று அறிந்த நிலையிலேயே அவர் அதனை ஏற்கிறார். ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் ஆகியவற்றில் அவர் நெஞ்சம் பட்ட பாடு விரிகிறது. தொடர்பு இல்லாத இடத்தில் தந்தையாக நிற்பவர் அவர். பரிமேலழகர் பிரித்து வைத்த அன்பும் அருளும் அவரிடத்தே ஒன்றுகூடுகின்றன.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். குழந்தை இறைவன் என்பது வளனுக்குத் தெரியும். ஆகவே அவன் செய்வது வழிபாடேயன்றி வளர்ப்பன்று. இதனைப் பெற்றோர் அன்பு எனல் எங்ஙனம்? இத்தடை வலியதே. முனிவர் பல இடங்களில் தந்தையை அடியவனாக்கிக் கைகூப்பி நிறுத்தி விடுகிறார். வருணனையும் அணியும் மிகுந்து, குழந்தை விண்ணவர் போற்றும் பொருளாக உயர, வீடு மறைந்துபோகும் இடங்கள் காப்பியத்தில் உள. அவ்விடங்களில் படிப்போர் நெஞ்சு வியக்கும், நெகிழாது.

ஆயின் ‘பிரிந்த மகவைக் காண்’ படலம் இக்குறையை ஈடு செய்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போக, மூன்று நாள் தேடிய கதை லூக்காவில் சில வரிகளில் முடிவது. எல்லாம் வல்லவன் எங்கே தொலைவான் என்று தேற வேண்டிய அறிவு அங்கே தந்தைக்குத் துணை வரவில்லை. அறிந்தவன் அமைதியாயிருப்பான், தந்தையோ தேடுவான். இறுதியில் கோயிலில் கண்டபோது, தம் தந்தையின் இல்லத்தில் இருக்க வேண்டியதை அறியீரோ என்று சிறுவன் வினவுகிறான். மூன்று நாள் தேடிக் களைத்த வளர்ப்புத் தந்தை, ‘தந்தை’ என்னும் சொல் தம்மைக் கடந்து செல்வதைக் கேட்டு நிற்கிறார். பிள்ளை தனக்கே உரியது என்ற பிடியை விட்டபின்னும் குறையாத அன்பு அது. வளன் முடிசூட்டப்பெறுதலோடு காப்பியம் நிறைவுறுவது பொருத்தமே.

கிருட்டிண பிள்ளை காட்டும் மறுபக்கம்

1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து பின்னர்க் கிறித்தவரான எச். ஏ. கிருட்டிண பிள்ளை, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். அதற்கு மூலம் ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மோட்சப் பயணக் கதை. பனியனின் பயணி, மனைவி மக்கள் அழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். குடும்ப அன்பு அங்கே வீடுபேற்றிற்குத் தடை. 1684இல் வந்த இரண்டாம் பகுதியில்தான் மனைவியும் மக்களும் அவன் சென்ற வழியே செல்கின்றனர். பெற்றோர் அன்பைப் புகழும் சமயமே அதனைக் கடக்கவும் கட்டளையிடுகிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நிழலைப் பொருளென்று பற்றிக்கொள்ளலாகாது என்பதே அதன் கருத்து. கிருட்டிண பிள்ளை இக்கடுமையை இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் அமைத்த இசைப்பாக்களால் தணித்தார். பயணிக்கு வீடு பின்னே இருக்கிறது என்ற ஏக்கம், வீடு முன்னே இருக்கிறது என்ற நம்பிக்கையாக அவற்றில் மாறுகிறது.

வகுப்பறையில் எழும் வினா

இவ்வாராய்ச்சி ஏட்டோடு முடிவதன்று. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், உறங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் கிடத்திவிட்டுச் சென்ற காலத்தைத் தோட்டப் பள்ளிகள் அறியும். அத்தாயின் அன்பை உவமையாகக் காட்டினால் அப்பிள்ளைக்கு விளங்கும். ஆனால் குடித்துவிட்டு அடிக்கும் தந்தையைத் தவிர வேறு தந்தையை அறியாத பிள்ளையிடம், ‘இறைவன் உன் தந்தையைப் போன்றவன்’ என்று ஆசிரியர் கூறினால் அச்சொல் என்ன செய்யும்? அது வேதத்தை விளக்காது, அச்சத்தை விளைக்கும்.

மறைநூலாரே இவ்வினாவை உணர்ந்திருந்தனர். ஏசாயாவின் 49ஆம் அதிகாரம், பெற்ற தாயும் மறத்தல் கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, இறைவன் மறவான் என்கிறது. 27ஆம் சங்கீதம் தாயும் தந்தையும் கைவிடும் நிலையையும் எண்ணிப் பார்க்கிறது. ஆகவே பெற்றோரை அளவுகோலாக வைத்து இறைவனை அளக்குமாறு அந்நூல்கள் கூறவில்லை. இறைவனை அளவுகோலாக வைத்துப் பெற்றோரை அளக்குமாறே கூறுகின்றன. கண்ணாடி உடைந்த வீட்டுப் பிள்ளைக்கு அக்கண்ணாடியையே மீண்டும் காட்டுதல் கூடாது.

அத்தகைய பிள்ளைக்குக் காட்டத்தக்கவர் வளன். குருதித் தொடர்பின்றித் தந்தையாக நின்றவர்களை அப்பிள்ளையும் ஒருவேளை கண்டிருக்கலாம்: வளர்த்த பாட்டி, சோறிட்ட அண்டை வீட்டு அத்தை, எழுத்தறிவித்த ஆசிரியர். தமிழகத்தின் பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேம்பாவணி இடம்பெற்றபோது, தாயை இழந்த கருணையன் புலம்பும் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. அது கண்ணீர் வருவிக்கும் பகுதியே. அதனோடு மகனைத் தேடும் தந்தையையும் சேர்த்துப் படிப்பித்தால், இழந்த பிள்ளையும் தேடும் பெற்றோரும் ஒருங்கே மாணவர் முன் நிற்பர்.

கத்தோலிக்கத் துறவியான தனிநாயக அடிகளார் 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப்பணி ஆற்றி, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். திருக்குறளையும் விவிலியத்தையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அவ்வாறு படிப்போர்க்குக் கிடைக்கும் முடிபு இது: பெற்றோர் அன்பு இறையன்பின் முழு உருவமன்று; அதன் தொடக்கம். தன் பிள்ளைக்கென்று பிறந்த அது, தன் பிள்ளையல்லாத ஒரு பிள்ளையின்மேல் செல்லும் நாளில்தான் எதன் நிழல் என்பதைக் காட்டும்.