பதில் எழுதாதவர்கள்

ஆய்வுத் தளங்களைத் திறந்தால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி எழுகிறது. தளத்தை மேம்படுத்த உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள் என்கிறது. கீழே பெயர், பதவி, நிறுவனம், மின்னஞ்சல் என்று கட்டங்கள். பலவற்றில் இவை கட்டாயம் நிரப்பவேண்டியவை.

கவிதையைப் போலவே படிவத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். அது யாரை முன்னிலைப்படுத்திப் பேசுகிறது? பதவியும் நிறுவனமும் உள்ள ஒருவரை. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திருமணமாகிப் போனவள், வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவள், வீட்டிலுள்ள ஒரே கைபேசி இரவு பத்து மணிக்குமேல் கைக்கு வந்தால் தேடுகிற மாணவி ஆகியோர் அந்தக் கட்டங்களில் என்ன எழுதுவார்கள்? பெட்டியை மூடிவிடுவார்கள். தளத்தின் கணக்கில் அவர்கள் குறையற்றவர்களாகி விடுகிறார்கள்.

இந்த மௌனத்தை எண்களால் அளந்தவர்கள் உண்டு. 2008இல் விக்கிப்பீடியாவில், விரும்பியவர்கள் நிரப்பலாம் என்ற முறையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. தொகுப்பாளர்களில் பெண்கள் 12.7 விழுக்காடு என்றது அது. பெஞ்சமின் மேக்கோ ஹில், ஆரன் ஷா என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் தொலைபேசி வழியே பொதுமக்களிடம் எடுக்கப்பட்ட வேறொரு கணக்கெடுப்போடு அதை ஒப்பிட்டுத் திருத்தி 2013இல் வெளியிட்டார்கள். பெண்களின் பங்கு 16.1 விழுக்காடாக உயர்ந்தது. படிவத்தை நிரப்பியவர்களிடையே பெண்களும் மணமானவர்களும் பிள்ளைகள் உள்ளவர்களும் குறைவாக இருந்தார்கள். மாணவர்கள் கூடுதலாக இருந்தார்கள். வேலை செய்த பெண்களே கணக்கில் குறைந்துபோனார்கள். கருத்துச் சொல்வதற்கும் ஓய்வு நேரம் வேண்டும். அந்த ஓய்வு வீடுகளில் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது நமக்குத் தெரியும்.

நேரத்துக்கு அப்பால் இன்னொரு தடையும் உண்டு. 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூறு நாவல்களுக்குமேல் எழுதிய வை.மு.கோதைநாயகி அம்மாளை ஒரு தளத்தில் தேடினாள் என் மாணவி. 'முடிவுகள் இல்லை' என்று வந்தது. முதலெழுத்துகளுக்கு இடையில் ஒரு வெற்றிடம் விட்டிருந்தாள், அவ்வளவுதான். "எனக்குத்தான் தேடத் தெரியலம்மா" என்றாள். குறையைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பழக்கப்பட்டவள் புகார்ப் படிவத்தை எப்படி நிரப்புவாள்?

பெண் பெயர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. கோதைநாயகியின் வை.மு. கணவர் குடும்பத்து முதலெழுத்து. அம்பை என்ற பெயரில் கதைகளும் சி.எஸ்.லக்ஷ்மி என்ற பெயரில் ஆய்வுகளும் எழுதுபவர் ஒருவரே. லக்ஷ்மி என்று மட்டும் தேடினால் மருத்துவரான திரிபுரசுந்தரியின் நாவல்கள் வரும்; அவருடைய புனைபெயர் அது. ல-வுக்குப் பின்னால் க்ஷ் போடுவதா ட் போடுவதா என்பது அடுத்த சிக்கல். திருமணம், புனைபெயர், அம்மாள், ஸ்ரீமதி என்று பெயர் மாறிக்கொண்டே வந்த வரலாறு பெண்ணுடையது. பெயர் மாறாது என்று நம்பி அமைத்த தேடுபெட்டிக்கு அந்த வரலாறு தெரியாது. இதைச் சொல்லவேண்டியவள் படிவத்துக்கு வெளியே நிற்கிறாள்.

ஆகவே தளம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது சில எளிய காரியங்கள். பதவியையும் நிறுவனத்தையும் கேட்காதீர்கள். பெயரில்லாமலும் எழுத விடுங்கள். விடை கிடைக்காத தேடல்கள் எல்லாத் தளங்களிலும் பதிவாக வாய்ப்புண்டு. தேடியவர் யாரென்ற அடையாளத்தை நீக்கிவிட்டு அந்தச் சொற்களை மாதம் ஒருமுறை வாசியுங்கள். யாரும் உட்கார்ந்து எழுதாமலே சேர்ந்துவிட்ட விமரிசனம் அது. நான்கைந்து மாணவிகளின் அருகில் அமர்ந்து, உதவாமல், அவர்கள் தேடுவதைப் பாருங்கள். எங்கே விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதைத் திருத்தினீர்கள் என்பதைத் தளத்திலேயே எழுதி வையுங்கள். சொன்னது நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்தவள் வாய் திறப்பாள்.

மாணவிகளுக்கு ஒன்று. 'முடிவுகள் இல்லை' என்று வரும்போது, நீங்கள் தேடிய சொல்லையும் எதிர்பார்த்த நூலையும் இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். ஒரு பெயர் பட்டியலில் சரியாக ஏறுவதும் இலக்கிய வரலாறு எழுதுவதுதான்.